இடுப்பு வலிக்கு ஏழு மெத்தை

பொய்தான் சொல்வதென்று முடிவெடுத்தவள் தலைவலி என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாத்திரையோடு போயிருக்கும். வயிறு சரியில்லை என்றிருக்கலாம். ஒரு வேளை பட்டினியோடு போயிருக்கும். மெத்தை தைக்கிறவருக்கு வாக்கப்பட்டு, இருபத்தாறு வருடம் அவரோடு ஒரே கடையில் குப்பை கொட்டிவிட்டு, போயும் போயும் இடுப்பு வலி என்றா ஒருத்தி சொல்வாள்? கத்திரி சொன்னாள்.

கத்திரி என்பது கடைத்தெரு வைத்த பெயர். மெத்தை உறைக்குத் துணி வெட்டுவது அவள் வேலை. வாயும் அதே வேலையைத்தான் செய்யும். கட்டில் அளவு தெரியாமல் மெத்தை வாங்க வருகிறவர்கள் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் அளந்துவிட்டு வருவார்கள். அவள் கணவருக்குப் பஞ்சு என்று பெயர். தலையிலும் மீசையிலும் எந்நேரமும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது ஒரு காரணம். யார் எவ்வளவு திட்டினாலும் அமுங்கிக் கிடந்துவிட்டுச் சற்று நேரத்தில் பழையபடி எழும்பிவிடுகிற சுபாவம் இன்னொன்று. கீழே கடை, மேலே வீடு. ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். நாற்பத்தொன்பது வயதில் கத்திரிக்கு மாதவிலக்கு நின்றது. நின்ற ஒரு வருடத்தில், இருவரும் சேர்ந்திருக்கும்போது அவளுக்கு வலிக்க ஆரம்பித்தது. சாதாரண வலி இல்லை. உப்புத்தாளை வைத்துத் தேய்த்த மாதிரி எரிந்தது. மறுநாள் சிறுநீர் போகும்போதும் எரிந்தது. முதல் சில தடவை பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவர் பக்கத்தில் வந்தாலே உடம்பு தானாக இறுகிக்கொண்டது. சொல்லலாம் என்றால் எப்படிச் சொல்வது? ஊரையே வாயால் வெட்டுகிறவளுக்கு அந்த இடத்துக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கெட்ட வார்த்தை இருக்கிறது. கடைத்தெருவில் சும்மாவே பத்துத் தடவை காதில் விழும். பாடப்புத்தக வார்த்தை இருக்கிறது. அதைச் சொன்னால் பரீட்சை எழுதுவது போலிருக்கும். கட்டிய புருஷனிடம் சொல்ல நடுவாந்தரமாக ஒன்றை இந்த உலகம் ஏற்பாடு செய்து வைக்கவில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைக்கு விடுமுறை, அவர் ஆசையாக அவள் தோளில் கை வைத்தபோது, "இடுப்பு வலிக்குதுங்க" என்றாள்.

பஞ்சு உடனே கையை எடுத்தார். அவளை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு மெத்தையை மூன்று இடத்தில் முஷ்டியால் அமுக்கிப் பார்த்தார்.

"நடுவுல குழி விழுந்துடுச்சும்மா" என்றார். "ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறேன், கட்டுனவ எதுல படுக்கறான்னு பாக்கல. என் தப்புதான்."

அடுத்த வாரமே நார் மெத்தை வந்தது. பலகை மாதிரி இருந்தது. அதில் அவர் நெருங்கி வந்த அன்றும் அவளுக்கு இடுப்பு வலித்தது. நார் போய் ஃபோம் வந்தது. ஃபோம் போய் ஸ்பிரிங் வந்தது. ஸ்பிரிங் மெத்தையில் ஒருவர் திரும்பிப் படுத்தால் இன்னொருவர் ஓரடி மேலே போய் வந்தார். பிறகு ரப்பர் மெத்தை, பிறகு மேலே பஞ்சும் கீழே நாரும் வைத்து அவரே யோசித்துச் செய்த ஒன்று, அதற்குப் பிறகு ஐந்து அடுக்கு வைத்த இன்னொன்று. ஆறாவதில் ஏறிப் படுப்பதற்கு முக்காலி தேவைப்பட்டது. இடுப்பு வலிக்காரி தினமும் முக்காலி போட்டு ஏறினாள்.

நடுவில் எலும்பு டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "முப்பது வயசுக்காரியோட முதுகெலும்பு மாதிரி இருக்கு" என்றார். ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் இடுப்புக்கு ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தார். அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று வாரம் துணி வெட்டியதில் கத்திரிக்கு நிஜமாகவே இடுப்பு வலி வந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றிய பிறகுதான் போனது.

இந்தக் கூத்தையெல்லாம் ஊர் வேறு மாதிரி பார்த்தது. பொண்டாட்டி இடுப்புக்காக மெத்தை மேல் மெத்தையாக மாற்றுகிற மனிதர் என்று பஞ்சுவின் புகழ் பரவியது. புகழ் பரப்பியதில் பெரும்பங்கு அவருடைய அக்காவுக்கு. மூன்று வீடு தள்ளி இருக்கும் அந்த நாத்தனார், தினமும் ஒரு தடவை வந்து கத்திரியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு போவாள்.

"எங்க வீட்டுக்காரரு இருக்காரே, நான் மூச்சு நின்னு கெடந்தாக்கூட, எழுப்பி, மூக்குக் கண்ணாடி எங்கன்னு கேப்பாரு. என் தம்பி மாதிரி ஒரு ஆளு உனக்குக் கெடைச்சிருக்கு. குடுத்து வச்சவ நீ."

குடுத்து வைத்தவள் குனிந்து துணியை வெட்டினாள். வேறு யாராவது அவளை அப்படிச் சொல்லிவிட்டுக் கடையைத் தாண்டிப் போய்விட முடியுமா?

ஏழாவது மெத்தைதான் அவளை நிலைகுலைய வைத்தது. அதன் அகலம் மூன்றடி. ஒற்றை ஆள் மெத்தை.

"பக்கத்துல படுக்கறவங்க புரண்டா முதுகெலும்பு அலுங்குமாம். ஃபோம் கம்பெனிக்காரர் சொன்னாரு" என்று பஞ்சு அவள் முகத்தைப் பார்க்காமல் விளக்கினார். "நீ இதுல தனியா நிம்மதியாப் படு. எனக்கென்ன, நான் அந்த ரூம்ல எதுலயாவது விழுந்து கெடப்பேன். எப்படி இருக்கு, படுத்துப் பாரு."

கத்திரி படுத்துப் பார்த்தாள். கையை நீட்டினால் விளிம்பு தட்டுப்பட்டது.

"நல்லா இருக்கு" என்றாள்.

நல்லா இல்லை. கொஞ்சமும் நல்லா இல்லை. வலி வேண்டாம் என்றுதான் அவள் நினைத்தாள், ஆள் வேண்டாம் என்றா நினைத்தாள்? இருபத்தாறு வருடமாகப் படுத்ததும் அன்றைய கதையைப் பேசுவார்கள். தன் எடையைப் பத்துக் கிலோ குறைத்துச் சொன்ன வாடிக்கையாளர், மெத்தையை முகர்ந்து பார்த்தே வாங்கிப்போன கிழவர், இப்படி ஒவ்வொருவராகக் கிழிப்பாள். அவர் கட்டில் குலுங்கச் சிரிப்பார். சிரித்து முடித்துத் தன் காலை அவள் கால்மேல் போட்டுக்கொண்டு தூங்குவார். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது மட்டும் கேட்டது. பகலிலும் தொடுவதற்கு முன்னால், "இடுப்பு பரவால்லையா?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் தொடாமலேயே போய்விடுவார். அவள் அவரை இழந்துகொண்டிருந்தாள். அதுவும் தன் வாயாலேயே. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பத்து நிமிடம் படுத்துப் பார்க்காதவர்களுக்கு மெத்தை கிடையாது. ஆண்கள் சட்டென்று விழுந்துவிடுவார்கள், சிலர் குறட்டையும் விடுவார்கள். பெண்கள் படுக்க மாட்டார்கள். நாலு பேர் வந்து போகிற இடத்தில் எந்தப் பெண் காலை நீட்டுவாள்? அதற்காகக் கடையின் பின்பக்கம் திரை போட்டு, இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். ஒன்றில் வாங்க வந்த பெண், அவள் கூச்சம் போக இன்னொன்றில் கத்திரி. இரண்டு பேரும் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாததாலோ என்னவோ, நாலாவது நிமிடத்தில் வாய் திறந்துவிடும். மாமியார், மருமகள், தைராய்டு எல்லாம் அந்த மின்விசிறிக்குத் தெரியும். முதுகு வலி என்று வருகிறவர்களிடம், எந்த நேரத்தில் வலிக்கும் என்று கத்திரி கேட்பாள். பாதிப் பேர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுவார்கள். ஞாபகமறதிக்காரிகள் என்று அவள் நினைத்திருந்தாள்.

அப்படி ஒரு நாள் திரைக்குப் பின்னால் வந்து படுத்தவர் பெண்களுக்கான டாக்டர். முப்பது வருடம் நின்றுகொண்டே பிரசவம் பார்த்ததில் அவருக்கு நிஜமாகவே முதுகு போயிருந்தது.

"உங்க இடுப்புதான் இந்தத் தெருவுல ரொம்பப் பிரபலமாமே?" என்று டாக்டரம்மா மின்விசிறியைப் பார்த்துக் கேட்டார். "குனிஞ்சா வலிக்குதா?"

"இல்லங்க."

"ரொம்ப நேரம் நின்னா?"

"இல்லங்க."

"எதையாவது தூக்குனா?"

"அதெல்லாம் தூக்குவேன்."

"பின்ன எப்பதான் வலிக்குது?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பஞ்சு யாரிடமோ ஃபோமின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். பேச்சை மாற்றுவதற்குக் கத்திரி வாயைத் திறந்தாள். வேறு ஏதோ வந்துவிட்டது.

"அவரு பக்கத்துல வர்றப்போ."

டாக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "இடுப்புலயா?"

"இல்ல. கீழ."

"எரிச்சலா, குத்தலா?"

கெட்டி மெத்தையா, மெது மெத்தையா என்று வருகிறவர்களிடம் தான் கேட்பது மாதிரியே இருந்தது கத்திரிக்கு. அதனால் பதில் சொல்ல வந்தது. எரிச்சல், மாதவிலக்கு நின்ற பிறகு, ரெண்டு வருஷமா, சில தடவை லேசா ரத்தம்கூட. சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் வந்தது.

"மாசாமாசம் வர்றது நின்னா அந்த இடத்துல ஈரம் கொறைஞ்சிடும், சதை மெலிசாயிடும். வலிக்குமேன்னு நீங்க பயந்து இறுக்கறீங்க, இறுக்கறதால இன்னும் வலிக்குது" என்றார் டாக்டரம்மா. "அங்க போட மருந்து இருக்கு. ஆனா ரத்தம் வந்துச்சுன்னு சொல்றீங்களே, அத மொதல்ல பாத்துடணும். வியாழக்கிழமை வாங்க. இந்த மாதிரி நேத்து மட்டும் நாலு பேரு வந்தாங்க. அதுல மூணு பேரு முதுகு வலின்னுதான் ஆரம்பிச்சாங்க."

கத்திரி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வந்தது கோபம். "நாலு பேருக்கா? இத ஏன் யாருமே வெளிய சொல்லல?"

"நீங்க யார்கிட்ட சொன்னீங்க?" என்றார் டாக்டரம்மா. கத்திரியை வாயடைக்க வைத்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். சொன்ன விலைக்கே மெத்தை வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை போனாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்றார்கள். களிம்பு கொடுத்தார்கள். அந்த நேரத்துக்கென்று தனியாக ஒரு வழவழப்பு ஜெல்லும் கொடுத்தார்கள். இறுகிய தசையைத் தளர்த்தப் பயிற்சி சொன்னார்கள். நன்றாகக் குணம் தெரிய எட்டு வாரம் ஆகும் என்ற டாக்டரம்மா, அவள் கிளம்பும்போது, "மருந்து சதையைச் சரி பண்ணிடும். பக்கத்து ரூம்ல படுத்திருக்கற மனுஷன அதுவா கூட்டிட்டு வராது. அதுக்கு நீங்கதான் வாயைத் திறக்கணும்" என்றார்.

திறந்தாள், பாவம். துணி வெட்டும் மேசையில் ஒரு தடவை, "ஏங்க, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "இடுப்பா?" என்று அவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். மாடிப்படியில் ஒரு தடவை ஆரம்பித்தாள். வெந்நீர்ப் பை வந்தது. சாப்பிடும்போது ஆரம்பித்தாள். தட்டைப் பாதியில் வைத்துவிட்டுத் தைலத்தோடு வந்து, அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, நீயே தடவிக்கொள் என்று திரும்பிப் பார்க்காமல் போனார். நான்காவது வாரத்திலேயே எரிச்சல் பெருமளவு அடங்கிவிட்டது. சிறுநீர் போகப் பயமில்லை, உட்கார்ந்து எழ முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒற்றை மெத்தை ஒற்றை மெத்தையாகவே கிடந்தது.

இந்த லட்சணத்தில் பஞ்சு ஒரு யோசனை செய்தார். ஏழாவது மெத்தையைப் போட்ட பிறகு அவள் ஒரு தடவைகூட இடுப்பு வலி என்று சொல்லவில்லை. யாரும் நெருங்காதவள் எதற்குச் சொல்லப்போகிறாள்? அவரோ அதை மெத்தையின் வெற்றி என்று சொல்லிக்கொண்டார். அதே மாதிரி இருபது தைத்து விற்பதென்று முடிவு செய்தார். மாடலுக்கு 'மனைவி' என்று பெயர் வைத்தார். மனைவி என்று பெயர் போட்டு, ஒரு ஆள் மட்டும் படுக்கிற மெத்தையை விற்ற கடை உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

விளம்பரத்துக்கு வீடியோ எடுக்க வெள்ளிக்கிழமை காலை கேமராக்காரர் வந்தார். நாத்தனார் முகப் பவுடரோடு வந்தாள். திரைக்குப் பின்னால் ஒரு கட்டிலில் 'மனைவி'யை விரித்து, அதில் கத்திரியைப் படுக்க வைத்து, விளக்கைப் போட்டார்கள். அவள் சொல்லவேண்டியதைப் பஞ்சு அட்டையில் பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். 'ஏழு மெத்தை மாற்றினேன். இதில் தனியாகப் படுத்த பிறகுதான் என் வலியெல்லாம் போனது.'

"ஏழு மெத்தை மாத்துனேன்" என்றாள் கத்திரி. "இதுல தனியா..."

நின்றுவிட்டாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் 'தனியா'வில் நின்றாள். நான்காவது தடவை நாத்தனார் பொறுமை இழந்தாள். "கடைக்கு வர்றவங்கள அந்தப் பேச்சு பேசுற, இத சொல்ல என்ன? தனியாப் படுத்தேன், வலி போச்சு. அவ்ளோதானே!"

அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டால் ஊரே சாட்சி. ஆயுசு முழுக்க அந்த மூன்றடியில் தனியாகக் கிடக்க வேண்டியதுதான். கத்திரி எழுந்து உட்கார்ந்தாள்.

"கேமராத் தம்பி, கொஞ்சம் வெளிய இருங்க. அண்ணி, நீங்களும்."

"நான் எதுக்கு வெளிய? நான் வெளி ஆளா?"

"அண்ணி. வெளிய."

நாத்தனார் போனாள். கத்திரி திரையை இழுத்து மூடினாள். "நீங்க படுங்க" என்று இன்னொரு கட்டிலைக் காட்டினாள். பஞ்சு அட்டையை மார்பில் வைத்துக்கொண்டு படுத்தார். பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் கையால் அமுக்கியும் பார்த்துக்கொண்டார். அவள் 'மனைவி'யில் படுத்தாள்.

"எனக்கு இடுப்பு வலி கெடையாது" என்றாள் மின்விசிறியிடம்.

"இப்ப கெடையாது. மெத்தை அப்படி."

"எப்பவுமே கெடையாதுங்க."

பிறகு நிறுத்தாமல் சொன்னாள். டாக்டரம்மா கற்றுக்கொடுத்த வார்த்தைகள் கொஞ்சம், தானாக வந்தவை கொஞ்சம், வார்த்தை இல்லாத இடங்களில் கையால் கொஞ்சம். எரிந்தது, பல்லைக் கடித்தது, ரத்தம், வெட்கம், களிம்பு, ஜெல், எட்டு வாரம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "பொய் சொன்னேன். திட்டணும்னா திட்டுங்க" என்றாள்.

பஞ்சு அட்டையை மார்பிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"இடுப்பு இல்லன்னு. ரெண்டாவது மெத்தை போட்ட வாரம், தண்ணி கேனத் தோள்ல வச்சிக்கிட்டு மாடி ஏறுன நீ. இடுப்பு வலிக்காரி ஏறுற ஏத்தமா அது?"

கத்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா இன்னும் அஞ்சு மெத்தை போட்டீங்க?"

"இடுப்பு இல்லன்னா அது நான்னு ஆயிடுதேம்மா" என்றார் அவர். "என்னப் புடிக்காமப் போச்சு, வாய்விட்டுச் சொல்ல மனசு வரல, அதான் இடுப்பு மேல பழியப் போடுறான்னு நெனச்சேன். மெத்தைன்னா மாத்தலாம். என்ன எங்க போயி மாத்துறது?"

"அதுக்காக ஒத்தை மெத்தையா?"

"அதப் பாத்துட்டாவது, இது வேணாம், வாங்கன்னு நீயா கூப்புடுவேன்னு இருந்தேன். நல்லா இருக்குன்னுட்ட."

கத்திரிக்கு அழுகை வந்தது. மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் நேராகக் காதுக்குள் போனது. இரண்டு வருடம் சொல்ல வார்த்தை இல்லையென்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்கப் பயந்து இவர் மெத்தை தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரையும் நிற்கவைத்து அறைய வேண்டும் போல அவளுக்கு ஆத்திரமாக வந்தது. எட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இடுப்பு பரவாயில்லையா என்று கேட்கவில்லை.

"இனிமே வலிச்சா அப்பவே சொல்லிடு" என்றார்.

"சொன்னா?"

"நிறுத்திடுவேன். நிறுத்திட்டு அந்த எடை கொறைச்சுச் சொல்றவங்க கதையப் பேசலாம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். வெளியே கேமராக்காரர் விளக்கு சூடாகிறது என்று குரல் கொடுத்தார்.

பஞ்சுவுக்கு வியாபாரம் ஞாபகம் வந்தது. "இருபதுக்குத் துணி வெட்டியாச்சேம்மா. 'மனைவி'ன்னு பேர் வேற தச்சாச்சு."

"பேரப் பிரிச்சிட்டு 'நாத்தனார்'னு தச்சிடுங்க. ஒத்தை ஆளாத்தான் படுக்கணும்."

"கேக்குது!" என்றது திரைக்கு அந்தப் பக்கம்.

பஞ்சு எழுந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் எத்தனை வாரம்னு சொன்னாங்க?"

"எட்டு. அஞ்சு முடிஞ்சிடுச்சு."

அவர் விரல் விட்டு எண்ணினார். தயங்கினார். "அப்ப நான் மூணு வாரம் கழிச்சு அந்த ரூம்லேர்ந்து வரட்டுமா?"

கத்திரி குரலைத் தாழ்த்தவில்லை. "வலி முழுசாப் போறதுக்குத்தாங்க மூணு வாரம். நீங்க வர்றதுக்கு எதுக்கு மூணு வாரம்? இன்னைக்கே வாங்க."